பக்கத்துப் புத்தகம்

சேர்வராயன் கோயிலுக்குள் நிமிர்ந்துகொண்டு போக முடியாது. ஏற்காட்டுக்கும் மேலே, 5,300 அடிக்கு அதிகமான உயரத்தில், மலையுச்சிச் சமவெளியில் கோயில் என்று இருப்பது ஒரு குகை. குனிந்து, கல்லைத் தொட்டுக்கொண்டு, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குகை அப்படியே காவேரி வரைக்கும் போகிறது என்பது நம்பிக்கை. மே மாதத் திருவிழாவில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், 'பெருமாள்தாங்க இது' என்றார். பின்னால் நின்ற சேலத்துக்காரர், 'அதெல்லாம் இல்ல, இவங்க காவல் தெய்வம்' என்றார். மலைக்கார மூதாட்டி ஒருத்தி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'சேர்வராயன்' என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னது பெயர். மற்ற இருவரும் சொன்னது வகை. பெயரிலிருந்து வகைக்குப் போகிற அந்த ஒரு எட்டில் எதை இழக்கிறோம், இழக்காமல் போக வழி உண்டா என்பது எனக்கு இப்போது வெறும் தத்துவப் பிரச்னை அல்ல. போன வருஷம் அந்த எட்டை எடுத்து வைத்ததில் ஒரு மனிதரின் முப்பது வருஷ யோசனையைக் கலைத்துவிட்டேன். வெளிப்பார்வைக்கு நான் செய்த காரியம், அவருடைய புத்தகங்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்த மூன்று வருஷத்தில் எனக்கு வாய்த்த ஒரே இலக்கியத் துணை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். சார் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சார் எதுவும் எழுதி அச்சில் வந்ததில்லை. இந்த மலையின் சாமியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போவதாக முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். என்னிடமும் சொன்னார். போன வருஷம் இறந்துபோனார். வீட்டில் 1,200 சொச்சம் புத்தகங்கள். ஒரு சின்ன வாசகசாலை அவற்றை வாங்கிக்கொள்ள முன்வந்தது. வகை பிரித்து, எண் ஒட்டி, பதிவேடு எழுதித் தர ஆள் வேண்டும் என்றார்கள். பி.ஏ. இங்கிலீஷ், வங்கிக் குமாஸ்தா, சிறுபத்திரிகை விமர்சகன் – என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அலமாரியைத் திறந்தபோது அவர் மனைவி பக்கத்தில் நின்று, 'தம்பி, அவரு கண்ண மூடிக்கிட்டு எடுப்பாரு. ஏதோ ஒரு கணக்குலதான் வெச்சிருப்பாரு. பாத்துக் கலைங்க' என்றார். 'சரிம்மா' என்றேன். மத்தியானத்துக்குள் மூன்று அலமாரியும் தரையில் இருந்தன.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டுரைக்கான குறிப்புகள். வாக்கியம் என்று ஒன்றுகூட முழுசாக இல்லை. 'தர்ஸ்டன் 4 – இடப்பக்கம் பார்க்க.' 'பத்துப்பாட்டு, அதற்கு அடுத்தது.' 'கீழ்த்தட்டு, மூன்றும் சேர்த்து.' அவர் பக்க எண்ணைக் குறிக்கவில்லை, அலமாரியில் எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதையே குறித்திருக்கிறார். எழுதப்படாத கட்டுரை அலமாரியில் எழுதப்பட்டிருந்தது. அதை நான் எண் ஒட்டி அழித்திருந்தேன்.

இதற்குப் பிறகுதான் நூல் நிலையங்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். செய்துவிட்ட காரியத்துக்கு நியாயம் தேடும் படிப்பு. அதனால் அக்கறையாகவே படித்தேன்.

அடிப்படைத் தொல்லை எளிமையானது. அலமாரித் தட்டு ஒரு நேர்கோடு. புத்தகத்துக்கு நாலு பக்கமும் உறவுண்டு. ஆனால் தட்டில் அதற்கு இடம் ஒன்று, அண்டை இரண்டு. எந்த உறவைக் காப்பாற்றி எதை வெட்டுவது என்று யாராவது ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். தீர்மானத்துக்குள் அடங்காததற்கு ஒரு மூலையும் வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் காலிமாக்கஸ் கிரேக்க நூல்களுக்கெல்லாம் 120 சுருளில் ஓர் அட்டவணை செய்தார். அட்டவணை அழிந்துவிட்டது, அதிலிருந்து பிறர் எடுத்தாண்ட துணுக்குகள்தான் மிச்சம். அவற்றிலிருந்து 'பலவகை' என்று ஒரு பிரிவு அதில் இருந்தது தெரிகிறது. பணியாரம் செய்வது பற்றி எழுதியவர்கள் அதில் இருந்தார்கள். காவியம், நாடகம், தத்துவம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை, பணியாரத்துக்குத் திண்ணை. 'இதர' என்ற சொல்லின் வயது குறைந்தபட்சம் 2,200 வருஷம். வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் தொழில் என்றொரு கட்டம் உண்டு. காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போய், சொந்தமாகக் கொஞ்சம் சாமை போட்டு, மாடு வைத்து, திருவிழாவில் மேளமும் அடிக்கிற ஒருவருக்கு நான் அநேகமாக 'இதர' என்றே போடுகிறேன். எனக்கு அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

பழைய ஐரோப்பிய நூல் நிலையங்களில் இடம்தான் எண்: இன்ன அலமாரி, இன்ன தட்டு, இத்தனையாவது புத்தகம். புத்தகம் மாளிகைக்குச் சொந்தம், அறிவுக்கு அல்ல. இதைப் பெரிய அளவில் உடைத்தவர் மெல்வில் டியூவி. 1876-ல், 24 வயதில், பெயர் போடாமல் 44 பக்கத்தில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அறிவைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்து, எண்ணைத் தட்டிலிருந்து எடுத்துப் புத்தகத்தின் முதுகில் ஒட்டினார். அன்றிலிருந்து புத்தகம் எங்கே போனாலும் தன் அண்டையைத் தேடிக்கொண்டு போய் உட்காரும். யோசித்துப் பார்த்தால் அசாத்தியமான காரியம். அண்டை யார் என்பதை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் முடிவு செய்துவிட்டார் என்பதுதான் சிக்கல். மதத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் 220-லிருந்து 280-கள் முடிய பைபிளும் கிறிஸ்தவமும். மீதி உலகத்தின் தெய்வங்கள் எல்லாம் 290-களில். இலக்கியத்தில் அமெரிக்கா, இங்கிலாந்து தொடங்கி கிரேக்கம் வரை ஆளுக்கொரு பத்து. மற்ற மொழிகளுக்கெல்லாம் சேர்த்து 890. தமிழிலக்கியம் 894.811. அதே 894-ல் துருக்கி, ஹங்கேரி, ஃபின்லாந்து மொழிகளும் இருக்கின்றன. 1856-ல் கால்டுவெல் திராவிட மொழிகளுக்கு சித்திய உறவு தேடினாரே, அந்தக் காலத்துக் கற்பனையின் வாடை இதில் அடிப்பதாக எனக்குப் படுகிறது. கம்பனுக்குப் பக்கத்து வீட்டில் ஹங்கேரிக்காரர் குடியிருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கேட்டுவிட்டுக் குடிவைத்திருக்கலாம். டியூவியின் பெயரைத் தாங்கிய பதக்கத்திலிருந்து அமெரிக்க நூல் நிலையச் சங்கம் 2019-ல் அவர் பெயரை எடுத்துவிட்டது. காரணம் அவருடைய இனவெறியும் பெண்களிடம் நடந்துகொண்ட விதமும். பெயரை எடுத்துவிட்டார்கள். எண்கள் புத்தக முதுகுகளில் அப்படியேதான் இருக்கின்றன.

சீர்காழியில் 1892-ல் பிறந்த ரங்கநாதன் இந்த இடத்தில் வருகிறார். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூல் நிலையத் தலைவரானார். சில நாளிலேயே அந்தத் தனிமை பொறுக்காமல் பழைய வேலையே போதும் என்று திரும்பி ஓடப் பார்த்தார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். லண்டனில், செல்ஃப்ரிட்ஜஸ் கடையில், மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளும் திருகாணிகளும்; மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒரு கணித மனத்துக்கு அது போதுமானதாக இருந்தது. டியூவி எல்லா வீட்டையும் முன்கூட்டியே கட்டி எண் போட்டு வைத்திருந்தார். ரங்கநாதன் செங்கல்லை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு புத்தகம் எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று முகம் முகமாகப் பிரித்து, முக்காற்புள்ளியால் கோத்துக்கொள்வது. அந்தப் புள்ளியின் பெயரே முறைக்கும் பெயராயிற்று: கோலன் பகுப்பு, 1933.

இலக்கியத்தில் அவர் செய்தது சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும், அல்லது கோபம் வரும். தமிழிலக்கியத்துக்கு 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் 31-ம். கவிதை 1, நாடகம் 2, புனைகதை 3. அதன் பிறகு ஆசிரியரின் பெயர் அல்ல, பிறந்த வருஷம். 1800-களுக்கு 'எம்', 1900-களுக்கு 'என்'. ஆகவே பாரதி எம்82. புதுமைப்பித்தன் என்06. மரபு, புதுசு, முற்போக்கு, தூய இலக்கியம் எதுவும் கிடையாது. பிறந்த வரிசையில் நில் என்கிறது இம்முறை. க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் இருவருமே 1912. நாவல் தட்டில் இரண்டு பேருக்கும் என்12. பிரிக்க மேலும் ஒரு குறி வேண்டும். பட்டியல் விமர்சனம் என்று ஒருவரும் அலசல் விமர்சனம் என்று இன்னொருவரும் வாழ்நாளெல்லாம் எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ரங்கநாதன் ஒரே பலகையில் தோளோடு தோள் உட்கார வைத்துவிட்டார். இந்த அலட்சியத்தில் ஒரு நீதி இருக்கிறது. க.நா.சு.வின் பட்டியல்களைக் கேலி செய்தவர்கள் நம்மில் அதிகம். ஆனால் பட்டியல் போடுகிறவன் யாரை விட்டான் என்று உடனே தெரிந்துவிடுகிறது, சண்டை போடலாம். வகை பிரிக்கிறவன் யாரையும் விடுவதில்லை. ஓர் இடத்தில் வைத்துவிடுகிறான். அதனால் சண்டைக்கே வழியில்லை.

ரங்கநாதனும் குற்றமற்றவர் அல்ல. மதத்தில் வேதத்தை முதல் எண்ணில் வைத்தார். கிறிஸ்தவம் 6-க்குப் போயிற்று. பயன்கலைகளுக்கும் நுண்கலைகளுக்கும் நடுவில், டெல்ட்டா என்ற கிரேக்க எழுத்தைப் போட்டு, ஆன்மிக அனுபவத்துக்கு ஒரு கர்ப்பக்கிருகம் கட்டிக்கொண்டார். நாற்காலியில் ஆள் மாறினார், நாற்காலி மாறவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது: மூலமும் உரையும் உரைக்கு உரையுமாக வளர்கிற நம் மரபைப் பார்த்து, அவையெல்லாம் ஒன்றாக நிற்கும்படி ஒரு விதி செய்தார். ஒரு புத்தகத்துக்குப் பரம்பரை உண்டு என்று வெளிநாட்டு முறைகளுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

இப்போது சேர்வராயனை அடுக்கிப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பற்றிய புத்தகம் வந்தால் எந்த லைப்ரேரியனும் யோசிக்க மாட்டார்: மதம். இந்தக் குகைச் சாமியைப் பற்றிய புத்தகம் வந்தால்? மானிடவியல், பழங்குடிகள், பழக்கவழக்கம். ஒரே ஆகாயத்தின் கீழ் இரண்டு தெய்வங்கள், ஒன்றை நம்புகிறார்கள், இன்னொன்றை ஆராய்கிறார்கள். எண் எதுவும் பொய் சொல்லவில்லை. இடம் சொல்லிவிடுகிறது. நம் விமர்சனமும் இதைத்தான் செய்கிறது. நகரத்து வீட்டுக் கூடத்தில் நாலு பேர் காப்பி சாப்பிட்டுக்கொண்டு மனம் குமைந்தால் அது நாவல். அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் மனம் குமைந்தால் அது வட்டார நாவல். நானும் இந்த அடைமொழியைப் பயன்படுத்தி இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன்.

அலமாரிக்கு வெளியே இதன் விலை இன்னும் அதிகம். இந்த மலைக்காரர்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர் என்பார்கள், கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. 1976-ல் திருத்தப்பட்ட பழங்குடிகள் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டங்களின் பெயர்கள் இருந்தன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலையின் மலையாளிகள் அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை. அதே பெயர், மலை மட்டும் வேறு. ஆள் பழங்குடியா இல்லையா என்பதை ஒரு காற்புள்ளி முடிவு செய்தது. இடம் என்ற முகத்தை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று ரங்கநாதன் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது வீண் வேலை அல்ல என்று எனக்கு உறைத்தது இந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான்.

சாரின் அலமாரிக்கு வருகிறேன். எனக்கு நினைவிருக்கிற அண்டைகள் மூன்றே மூன்று. ஒன்று, எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-ல் ஏழு தொகுதிகளில் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலின் நாலாம் தொகுதி. ஆங்கில அகரவரிசையில் மலையாளிகள் அதில்தான் வருகிறார்கள். மற்ற ஆறு தொகுதிகளும் வேறு அலமாரியில். நாலாவது மட்டும் தனியாக, நாலாயிர திவ்வியப் பிரபந்தத்துக்கு வலப்பக்கத்தில். காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர்கள் மலையேறி வந்தார்கள், மூத்தவன் சேர்வராயன் மலையில் தங்கினான் என்பது இவர்கள் சொல்லிக்கொள்ளும் பூர்வகதையின் ஒரு வடிவம். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் எந்தப் பெருமாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அல்லது இங்கே ஏற்கெனவே இருந்த யாருக்குப் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள் – சார் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுவாக இருக்கலாம். மானிடவியலில் கிடந்த ஒரு சாமியை எடுத்து ஆழ்வார்கள் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார். நான் தர்ஸ்டனை 300-களில் சேர்த்து ஏழையும் வரிசையாக்கினேன். பிரபந்தம் இலக்கியமா மதமா என்று அரைநாள் யோசித்து 894.811 போட்டேன். அந்த அரைநாள் யோசனையைப் பற்றி எனக்கு அப்போது பெருமையாக வேறு இருந்தது.

இரண்டாவது, சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய கேம்பிளின் நூல், பத்துப்பாட்டை ஒட்டி. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை அவர் இந்த மலையில் தேடிக்கொண்டிருந்தார் என்பது ஊகிக்கக்கூடியது. மூன்றாவது, மௌனியின் கதைகளுக்குப் பக்கத்தில் தெற்கு ரயில்வே கால அட்டவணை. இதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் செலவழித்தேன். பிறகு, அந்தச் சந்தில் நுழையக்கூடிய தடிமன் அதற்குத்தான் இருந்தது என்ற சாத்தியத்தை ஒப்புக்கொண்டேன். இறந்தவர்களின் அலமாரியில் எல்லாமே பேசுகிறது என்று நினைப்பதும் நம் போன்றவர்களின் ஒரு வியாதி.

பக்கத்துப் புத்தகம் என்பதை ஒரு தத்துவமாகவே நடத்தியவர் ஹாம்பர்க்கின் ஆபி வார்பர்க். நாம் தேடிப் போகிற புத்தகத்தைவிட அதற்கு அடுத்ததாக நிற்கும், நமக்குத் தெரியாத புத்தகம்தான் நமக்குத் தேவையானது என்பது அவர் கட்சி. 'நல்ல அண்டைவீட்டுக்காரர்' விதி என்று அதற்குப் பெயர். யோசனை மாறும்போதெல்லாம் புத்தகங்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். உள்ளே வருகிறவர்கள் திணறினார்கள். 1929-ல் அவர் இறந்தார். 1933-ல், ரங்கநாதனின் பகுப்பு வெளியான அதே வருஷம், நாஜிகளிடமிருந்து காப்பாற்ற அந்த நூல் நிலையத்தைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அண்டை உறவுகளின் தர்க்கத்தை இன்றும் அங்கே காப்பாற்றுகிறார்கள். ஒரு மனிதரின் விசித்திரத்தைப் புரிந்துகொள்ள ஆட்கள் இருந்தார்கள், பணமும் இருந்தது.

ஆனால் சாரின் அலமாரியை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விட்டிருந்தால் அது ஒரு சமாதி. ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வந்து மலையாளிகளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு புத்தகமும் தன் வாசகனிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை ஒரு விதியாகவே 1931-ல் வைத்தார் ரங்கநாதன். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போகும் நூல் நிலையமும் கிளம்பியது. அந்த வண்டிக்கு முன்னால் என் சோகம் கொஞ்சம் சொகுசானது. கலைத்தது குற்றமில்லை. கலைக்காமல் யாருக்கும் கொடுக்க முடியாது.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் ரங்கநாதனிடமே கண்டேன். தட்டில் புத்தகத்துக்கு இடம் ஒன்றுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் தட்டு செய்யும் அநியாயத்துக்கு ஈடாகக் கார்டுகளை வைத்தார். புத்தகம் ஒரு இடத்தில் நிற்கும். அதன் உள்ளே வேறு எதைப் பற்றியெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதற்காக ஒரு கார்டு போய் நிற்கும், 'இன்ன இடத்தில் பார்க்க' என்று. குறுக்குக் குறிப்பு என்று அதற்குப் பெயர். அலுப்பான வேலை, யாரும் பாராட்டாத வேலை, அனேக நூல் நிலையங்கள் செய்யாமல் விட்ட வேலை. ஓரிடத்தில் வைக்கிறவன் மற்ற இடங்களுக்குக் கடன்படுகிறான். கார்டு அந்தக் கடன் பத்திரம். சாரின் அலமாரியை நான் கலைக்கும்முன் எது எதன் பக்கத்தில் இருந்தது என்று எழுதி வைத்திருக்கலாம். எழுதக்கூட வேண்டாம். சட்டைப்பையில் போன் இருந்தது. ஒவ்வொரு தட்டையும் ஒரு படம் எடுத்திருந்தால் இருபது படம். மூன்று நிமிஷ வேலை. அன்று காலை கோயில் பக்கத்துப் பனிமூட்டத்தை அதே போனில் ஏழெட்டுப் படம் எடுத்திருக்கிறேன். அவை இன்னும் இருக்கின்றன.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டால் கிடைக்கிற பதில் நல்லதாக இல்லை. மறந்துபோய்விட்டது என்று சொல்ல முடியாது. அந்த அம்மாள் சொல்லியிருந்தார். வெளியே ஒரு வரிகூட எழுதாத பள்ளி ஆசிரியரின் அடுக்கில் ஒரு யோசனை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை, அதுதான். அச்சில் வந்தவர்கள், வராதவர்கள் என்று ஒரு பகுப்பு எனக்குள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது. சார் அதில் 'இதர'.

நோட்டுப் புத்தகம் வந்த வாரத்தில் வாசகசாலைக்குப் போனேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து, தர்ஸ்டன் நாலாம் தொகுதியை உருவி எடுத்துப் பிரபந்தத்துக்கு வலப்பக்கத்தில் செருகி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை போனபோது அது 300-களில், மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருந்தது. அங்கே பார்த்துக்கொள்கிற பையன் என்னைக் கண்டதும் எழுந்து, 'யாரோ மாத்தி வெச்சிட்டாங்க சார். நீங்க ஒட்டுன நம்பரப் பாத்து நானே சரி பண்ணிட்டேன்' என்றான்.